ஒரு வரிக்கு மட்டும் இடமில்லை

போன மாதம் ஓர் இணைய இதழிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் பேசினார். தொண்ணூறுகளில் வார இதழில் வேலை பார்த்த, தன்பால் ஈர்ப்புள்ள எழுத்தாளர் என்ற முறையில் என் அனுபவத்தை எழுதித் தர முடியுமா என்று கேட்டார். மரியாதையாகப் பேசினார். எத்தனை பக்கம், எப்போது வேண்டும் என்பதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் கொஞ்சம் தயங்கினார்.

"நெகிழ்ச்சியா இருந்தா நல்லாருக்கும் சார். கோபம் வேண்டாம். இப்ப படிக்கிறவங்களுக்குக் கோபம் பிடிக்கிறதில்ல."

எனக்கும் கோபம் பிடித்தமானதில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி சொன்னால் கோபம்தான் வருகிறது. நெகிழ்ச்சி வரவேண்டுமென்றால் நடந்ததை மாற்ற வேண்டும். அந்த வேலையை என் எழுத்தில் ஒருவர் ஏற்கெனவே செய்திருக்கிறார். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் குணசேகரன். அப்பா போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநர். வீடு கே.கே. நகரில். தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு, தி.நகர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு வார இதழில் பிழை திருத்துபவனாகச் சேர்ந்தேன். ஒற்று மிகும் இடம், மிகா இடம், நடிகையின் வயதை எழுதக் கூடாத இடம் என்று எல்லாவற்றையும் அங்கேதான் கற்றேன். தொண்ணூறுகள் தொடங்கும்போது துணை ஆசிரியர் ஆகியிருந்தேன். சிறுகதைகளும் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த இதழ் இப்போது இல்லை.

நான் ஆண்களை நேசிக்கிற ஆண் என்பது கல்லூரிக்குப் போகும் முன்பே எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் தமிழில் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. இருந்தவற்றில் பாதி வசவு, மீதி நோயின் பெயர். எட்டு மணி நேரம் அடுத்தவர் வாக்கியங்களைச் செப்பனிடுகிறவனுக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல ஒரு வாக்கியம் இல்லை. முப்பத்தைந்து வயது வரை ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.

எங்கள் ஆசிரியர் சபாபதி. வெள்ளைச் சட்டை, பச்சை மை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பிழை திருத்துகிற பையன்களைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். ஒரு கதையையோ கட்டுரையையோ நிராகரிக்க முடிவெடுத்துவிட்டால் முதலில் காபி வரவழைப்பார். குடித்து முடிக்கிற வரை குடும்பத்தை விசாரிப்பார். டம்ளரைக் கீழே வைத்ததும் தாளைத் திருப்பிக் கொடுப்பார். அவர் நமக்குக் காபி சொன்னால் நம் எழுத்து வராது என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

என் கதைக்கு அவர் காபி சொல்லவில்லை. நேராக அச்சுக்கு அனுப்பினார். அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் அது இரண்டு ஆண்களின் கதை. மயிலாப்பூர் லஸ்ஸிலிருந்து அடையாறு போகும் பேருந்தில் தினமும் ஒருவன் படிக்கட்டில் நின்றபடி போவான். உட்கார்ந்திருக்கும் இன்னொருவன் அவனுடைய பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வான். பேச்சு அதிகம் கிடையாது. ஒரு நாள் படிக்கட்டுக்காரனுக்கு வெளியூருக்கு மாற்றலாகிறது. கடைசி நாளில் பையைத் திரும்ப வாங்காமலே இறங்கிப் போகிறான். அவ்வளவுதான் கதை. படிக்கட்டில் நின்றவன் பெயர் வசந்தன்.

இதழ் வந்ததும் பிரித்துப் பார்த்தேன். வசந்தன், வசந்தி ஆகியிருந்தான். பக்கத்தின் மேல் பாதியில் ஒரு பெண் தலை நிறையப் பூவோடு பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

படம் போட்டவர் எங்கள் ஓவியர் முருகேசன். நொச்சிக்குப்பத்துக்காரர். அண்ணன் தம்பிகளெல்லாம் கடலுக்குப் போக, இவர் மட்டும் தூரிகை எடுத்தவர். அவரிடம் போய் நின்றேன்.

"இன்னா குணா, நான் மொதல்ல ரெண்டு ஆம்பளதான் வரஞ்சேன். சார் வந்து பாத்தாரு. ஒருத்தனுக்குப் பொடவ கட்டி வுட்ருங்கன்னாரு. கட்டி வுட்டேன். நான் இன்னா பண்ணுவேன் சொல்லு." பிறகு தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "கதய நான் முழுசா படிச்சிக்கினுதான் வரஞ்சேன். புரியாமலாம் இல்ல எனுக்கு."

ஆசிரியர் அறைக்குப் போனேன். சபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல கதை குணசேகரன். வீணாப் போயிடக் கூடாதுன்னு சின்னதா ஒரு திருத்தம் பண்ணேன். ஓர் எழுத்துதான்." அந்த ஓர் எழுத்து என்னவென்று தனக்குத் தெரியும் என்பதை அவர் முகம் சொல்லியது. தெரியும் என்பதை நானும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

வாசகர்களின் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. பெண் மனத்தை இவ்வளவு நுட்பமாக ஓர் ஆண் எழுத முடியுமா என்று வியந்தார்கள். ஒவ்வொன்றையும் படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரமே ஒருவர் அலுவலகத்துக்கு என்னைத் தேடி வந்தார். பெயர் ரமணி. மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கத்தில் வீடு, காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர், முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். கீழே இருந்த டீக்கடைக்கு அழைத்துப் போனேன். உட்கார்ந்ததுமே கேட்டார்.

"சார், வசந்தி ஃபுட்போர்டுல ஒத்தக் கையால தொங்கிண்டு வரா. அப்புறம் சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கறா. உங்க எடிட்டர் மீசைய மட்டும் எடுத்தாராக்கும்?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அவ வசந்தி இல்லையே சார்?"

"இல்ல," என்றேன். "வசந்தன்."

"நெனச்சேன். நானும் உங்களாட்டம்தான்."

இவ்வளவு எளிதாக ஒருவர் இதைச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியாது. சுற்றுமுற்றும் பார்த்தேன். அதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "இதுல வெக்கப்பட என்ன சார் இருக்கு? நான் யாரையும் ஏமாத்தலை, யார் சொத்தையும் எடுத்துக்கலை." பிறகு ரசத்தில் உப்பு குறைந்ததைப் பற்றிப் பேசுவது போல, அலுவலகத்தில் தனக்குப் பிடித்த ஒருவரைப் பற்றியும் அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதைப் பற்றியும் பேசினார். என் முப்பத்தைந்து வருட மௌனம் அந்த டீக்கடை பெஞ்சில் முடிந்தது.

ஞாயிறு மாலைகளில் நாங்கள் பெசன்ட் நகர் கடற்கரையில் சந்தித்தோம். ரமணி ஒருவரை அழைத்து வந்தார், அவர் இன்னொருவரை. பள்ளி ஆசிரியர் ஒருவர், ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் வேலை செய்தவர் ஒருவர், பிறகு சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்த இரண்டு செவிலியர்கள். சுண்டல் வாங்கி வைத்துக்கொண்டு பேசுவோம். பெரும்பாலும் கல்யாணப் பேச்சுதான். எப்படித் தள்ளிப்போடுவது, அம்மா அழுதால் என்ன சொல்வது என்பதையெல்லாம். ஒன்றை மட்டும் நான் கறாராகச் சொல்வேன்: உங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பெண்ணின் வாழ்க்கையை எடுக்காதீர்கள், வேறு வழியே இல்லையென்றால் அவளிடமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள். சட்டம் அப்போது எங்களைக் குற்றவாளிகள் என்றது. அலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்த குற்றவாளிகள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் இதழில் மனநல மருத்துவர் ஒருவரின் பதில்கள் தொடங்கின. அடையாறில் சொந்த நர்ஸிங் ஹோம் வைத்திருந்தவர், ஆசிரியருக்கு வேண்டியவர். அந்தப் பக்கத்தைச் செப்பனிடும் பொறுப்பு எனக்கு வந்தது. தூக்கமின்மை, மாமியார், தேர்வு பயம் என்று பல கேள்விகள் இருக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தனக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு வருகிறது என்று ஒரு வாலிபரின் கேள்வி வரும். அதற்கு மருத்துவரின் பதில் எப்போதும் ஒரே வரியில் முடியும்: இந்தக் கெட்ட பழக்கத்துக்கு நவீன சிகிச்சை உண்டு, சிகிச்சைக்குப் பின் திருமணம் செய்து வைத்தால் முழுமையாகக் குணமாகிவிடும்.

அப்போது பக்கங்களைக் கணினியில் அடித்து, நீளத் தாள்களில் அச்செடுத்து, வெட்டி அட்டையில் ஒட்டுவோம். பத்தி நீண்டால் ஒரு வரியைப் பிளேடால் நறுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தை மேலே ஏற்றி ஒட்டலாம். இடம் போதவில்லை என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். நான் அந்த வரியை நறுக்கினேன். ஒவ்வொரு முறையும் நறுக்கினேன். நறுக்கிய துண்டைப் பிளேடின் நுனியிலிருந்து குப்பைக்கூடையில் தட்டிவிடும்போது கிடைத்த திருப்தி என் கதைகள் எதிலும் கிடைத்ததில்லை.

சில மாதங்கள் ஓடின. ஒரு நாள் சபாபதி பக்க அட்டையோடு என் மேஜைக்கு வந்தார்.

"குணசேகரன், டாக்டர் வருத்தப்பட்டார். அந்த ஒரு வரிக்கு மட்டும் எப்படி எப்பவும் இடம் இல்லாமப் போகுது?"

"அது தப்பான வரி சார்."

"டாக்டர் அவர். நாம மருந்து எழுதறதில்ல. வரியை எடுத்து ஒட்டிடுங்க."

"மாட்டேன் சார்."

அவர் கோபப்படவில்லை. பக்கத்து மேஜையிலிருந்த வேறொரு துணை ஆசிரியரைக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தை இனி அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அந்த வாரத்திலிருந்து வரி அச்சில் வந்தது. தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளுக்குப் போயிற்றோ, எனக்குத் தெரியாது. ஒரு வீடு மட்டும் தெரியும்.

ரமணி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது நின்றது. காய்ச்சலாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். காப்பீட்டு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன், மருத்துவ விடுப்பு என்றார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய தங்கை லலிதா என் அலுவலகத்துக்கு வந்தாள். பி.காம். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த பெண். வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் எங்கள் இதழ் இருந்தது. அந்தப் பக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"இத நீங்கதானே போடறேள்?"

"எங்க பத்திரிகைதான்."

"இதப் படிச்சுட்டுத்தான் அப்பா எங்கண்ணாவ அந்த டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போனார்."

நடந்தது இது. ரமணிக்குப் பெண் பார்த்தார்கள். மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு. பெண்ணோடு தனியாகப் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பியபோது அவர் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். நான் கடற்கரையில் சொன்னதை அவர் செய்தார். அந்தப் பெண் கண்ணியமாகத்தான் நடந்துகொண்டாள், இந்த வரன் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். ஆனால் காரணத்தை அவளுடைய அப்பா குடைந்து குடைந்து வாங்கிவிட்டார். செய்தி சித்திரக்குளம் வரை வந்துவிட்டது. ரமணியின் அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அடிக்கிறவர் இல்லை. பத்திரிகையைப் பிரித்து, படித்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார் என்று நம்பி, மகனுக்கு இரத்தப் பரிசோதனை என்று சொல்லி அடையாறுக்கு அழைத்துப் போய் விட்டுவிட்டு வந்தார்.

"மாடி ரூம்ல அடைச்சு வெச்சுண்டு இருக்கா சார். வெளில விட மாட்டேங்கறா. நேத்திக்கு என்னை மட்டும் பாக்க விட்டா." லலிதா தன் முன்கையைத் தொட்டுக் காட்டினாள். "இங்க வட்டம் வட்டமா இருக்கு. இருட்டு ரூம்ல உக்கார வெச்சு ஸ்லைடு போடறாளாம். ஆம்பளைப் படம் வந்தா கையில கரண்ட் குடுக்கறாளாம். பொம்மனாட்டி படம் வந்தா நிறுத்திடறாளாம். அண்ணா என்னப் பாத்து, வெளில போகணும், குணா சார்ட்ட சொல்லுன்னான். அதான் வந்தேன். இல்லேன்னா உங்க மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டேன்."

முருகேசனின் மேஜை பக்கத்திலேயே இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தூரிகையை வைத்துவிட்டு எழுந்தார். "வா நைனா. நானும் வர்றேன். ஆட்டோ புடி."

அந்த நர்ஸிங் ஹோம் பழைய பங்களா ஒன்றில் இருந்தது. சுத்தமாக இருந்தது, வரவேற்பறையில் சரஸ்வதி படம், பூச்சாடி. என் பெயரையும் இதழின் பெயரையும் சொன்னதும் மருத்துவர் உடனே உள்ளே கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். நல்ல சிரிப்பு.

"வாங்க மிஸ்டர் குணசேகரன். என் பதிலையெல்லாம் அழகாத் திருத்தினது நீங்கதான்னு சபாபதி சொல்லுவார். இப்ப வேற யாரோ பண்றாங்க போல. அந்த ஓட்டம் இல்ல."

நான் குறிப்பெடுக்கும் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஒரு பேட்டியில் எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. விவாதத்துக்குப் போகக் கூடாது. மறுக்க முடியாத விவரங்களை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

"ரமணிங்கறவர் இங்க இருக்காரா டாக்டர்?"

"இருக்கார். ட்ரீட்மெண்ட் போயிட்டிருக்கு. ரெஸ்பான்ஸ் நல்லா இருக்கு."

"இங்க இருக்கறதுக்கு அவர் சம்மதிச்சிருக்காரா?"

"ஃபாதர் கையெழுத்துப் போட்டிருக்கார்."

"கரண்ட் அப்பாவுக்கா குடுக்கறீங்க?"

சிரிப்பு குறைந்தது. "நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. இது ஒரு குடும்பத்தோட வேதனை. அந்தப் பையன் நல்லா வரணும்னு அவங்க நினைக்கிறாங்க. உங்களுக்கு ஏன் இதுல இவ்வளவு அக்கறை?"

பத்திரிகையாளன் என்று சொல்லியிருக்கலாம். நண்பன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டுமே உண்மைதான். ஆனால் மாடியில் ஒருவர் தான் யாரென்று சொன்னதற்காக அடைபட்டுக் கிடக்கும்போது, கீழே உட்கார்ந்து நான் பாதி உண்மை பேச முடியாது.

"ஏன்னா, நானும் அப்படித்தான் டாக்டர்."

லலிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முருகேசன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அதுவரை என்னை ஒரு தொல்லையாகப் பார்த்தவர், அந்த நொடியிலிருந்து ஒரு நோயாளியாகப் பார்த்தார். அந்தப் பார்வை மாறியதை நான் என் கண்ணால் கண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். தொலைபேசியை எடுத்து எங்கள் ஆசிரியரைக் கூப்பிட்டார்.

"சபாபதி, இங்க ட்ரீட்மெண்ட்ல இருக்கற ஒரு பையனுக்காக உங்க ஆள் வந்து கலாட்டா பண்றார். தானும் ஒரு கேஸ்னு அவரே சொல்றார்."

மறுமுனையில் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. மருத்துவர் ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"குணசேகரன்," சபாபதியின் குரல் வழக்கம்போல இருந்தது. "அந்தப் பையனுக்கு என்ன வயசு?"

"முப்பது ஆகப்போகுது சார்."

"வெளிய போகணும்னு அவரே சொல்றாரா?"

"தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கார்."

"போனை டாக்டர்கிட்ட குடுங்க."

மருத்துவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சரி, சரி என்றார். வைத்துவிட்டு மணியை அடித்து, மாடியில் இருப்பவரை அழைத்து வரச் சொன்னார். சபாபதி சொன்னதைப் பிறகு அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் ஆள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுங்கள், அல்லது அந்தப் பையனை அனுப்புங்கள், இரண்டும் இல்லையென்றால் கேள்விகளை மட்டும் அச்சில் போடுகிறேன் என்றாராம்.

ரமணி படியிறங்கி வந்தார். அவர் கையில் எடுத்து வந்த சட்டையை லலிதா போட்டுவிட்டாள். கையை உயர்த்த அவருக்குச் சிரமமாக இருந்தது. வாசலில் ஆட்டோவில் ஏறியதும் முருகேசன் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "சாப்ட்டியா பா?" என்று கேட்டார். அதற்குத்தான் ரமணி அழுதார்.

கே.கே. நகரிலேயே நான் தனியாக வாடகைக்கு எடுத்திருந்த அறைக்கு அழைத்துப் போனேன்.

அந்த வாரமே கட்டுரையை எழுதினேன். பெயர்களை மாற்றி, இடத்தை மறைத்து, மருத்துவம் என்ற பெயரில் என்ன நடக்கிறது என்று மட்டும் எழுதினேன். நான் யார் என்பதையும் எழுதினேன். சபாபதி என்னை முன்னால் வைத்துக்கொண்டே படித்தார். பச்சை மையில், விட்டுப்போன ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்தார், ஒரு நீண்ட வாக்கியத்தை இரண்டாக உடைத்தார். என் எழுத்தை அவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை. கடைசிப் பக்கம் வந்ததும் மணியை அடித்தார்.

"ரெண்டு காபி."

"எனக்கு வேண்டாம் சார்," என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "உங்களோட நல்ல எழுத்து இதுதான். போட முடியாது. குடும்பத்தோட படிக்கிற பத்திரிகை இது."

"ரமணியும் ஒரு குடும்பத்துலதான் சார் இருந்தார்."

"ஆளை வெளிய கொண்டு வந்தாச்சு இல்ல? அதோட விட்டுடுங்க. உங்க பேர்ல இதைப் போட்டா உங்க வாழ்க்கை என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? உங்களைக் காப்பாத்தத்தான் சொல்றேன்."

"டாக்டர் பக்கம்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "பாதியில நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. மெதுவா முடிச்சுக்கலாம்."

அதாவது வசந்தனுக்குப் புடவை கட்டிவிட்டது போல ரமணிக்கும் எனக்கும் கட்டிவிட வேண்டும். கெட்டவர்மேல் கோபப்படுவது சுலபம். மருத்துவர்மேல் எனக்கு இருந்த கோபம் நேரானது. சபாபதிமேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பல வருடம் திண்டாடினேன். ஒரே ஒரு தொலைபேசிப் பேச்சில் ஒரு மனிதரை மீட்டவர் அவர். அதே கையால் அடுத்த வாரம் அந்த வரியை அச்சுக்கு அனுப்பினார். எது சரி என்று தெரிந்தவர். தெரிந்தே செய்தார். தெரியாமல் செய்தவரைவிட இவரை மன்னிப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது. அவர் இறந்தபோது போய் மாலை போட்டேன். மன்னித்துவிட்டுப் போடவில்லை.

காபி வேண்டாம் என்ற அன்று மாலையே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன்.

கட்டுரையை ஒரு சிற்றிதழ் வெளியிட்டது. என் பெயரில், ஒரு வரி குறையாமல். படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் ஊருக்குச் செய்தி பரவ அவர்களே போதும். அறையைக் காலி செய்யச் சொன்னார் வீட்டுக்காரர். என் அண்ணன் பிள்ளைகளின் காதுகுத்து அழைப்பிதழில் என் பெயர் மட்டும் இல்லை. பழைய நண்பர் ஒருவர் கை குலுக்கிவிட்டு, நான் பார்க்கவில்லை என்று நினைத்துக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பதிப்பகங்களுக்குப் பிழை திருத்தியே மீதி வருடங்களை ஓட்டினேன். ஒரு தையற்கடை மாடியில் எனக்கு வேறு அறை கிடைத்தது. ஞாயிறு கூட்டம் கடற்கரையிலிருந்து அங்கே இடம் மாறியது. யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். தங்கள் வீட்டில் சொல்லிப் பார்ப்பதற்கு முன் என்னிடம் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். சிலர் வீட்டுக்கு நானே போய் அம்மாக்களோடு பேசியிருக்கிறேன். துடைப்பத்தோடு துரத்திய ஓர் அம்மா, அடுத்த வருடம் மகனோடு சேர்த்து எனக்கும் தீபாவளிப் பட்சணம் கொடுத்து அனுப்பினார். எல்லோர் கதையும் அப்படி முடியவில்லை. இரண்டு பேரை இழந்தோம். அவர்களைப் பற்றி எழுத இன்னும் எனக்கு வரவில்லை.

ரமணி வேலைக்குத் திரும்பினார். வீட்டுக்குத் திரும்பவில்லை. அப்பா கடைசி வரை அவரிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆனாலும் கொள்ளி வைத்தது ரமணிதான். திருவான்மியூரில் ஓர் ஓவிய ஆசிரியரோடு பல வருடங்களாகச் சேர்ந்து வாழ்கிறார். சந்தோஷமாகத்தான் இருக்கிறார். ஆனால் சினிமா பார்க்க அவரால் முடியாது. தியேட்டரில் விளக்கு அணைந்து திரையில் வெளிச்சம் விழுந்ததும் எழுந்து வெளியே போய்விடுவார். நவீன சிகிச்சையின் பலன் அது ஒன்றுதான்.

போன வருடம் அடையாறில் ஒரு கல்லூரியில் கூட்டம். சட்டம் மாறிய பிறகு இப்படிக் கூட்டங்கள் நடக்கின்றன, நல்லதுதான். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். ரமணியும் லலிதாவும் நானும் முன் வரிசைக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். சிறப்பு விருந்தினர் பெயரை அறிவித்தார்கள். அந்த மருத்துவர். எண்பதைத் தாண்டியவர், இரண்டு மாணவர்கள் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்து வந்தார்கள். தோளில் வானவில் நிறத்தில் ஒரு துண்டு.

இது இயற்கையானது என்றார். பெற்றோர்கள் பிள்ளைகளை அப்படியே ஏற்க வேண்டும் என்றார். தன்னைப் போன்ற மருத்துவர்கள் அன்றைக்கே இதைப் புரிந்துகொண்டு ஆதரவாக இருந்தார்கள் என்றார். கைதட்டினார்கள்.

எழப் போனேன். ரமணி என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, தானே எழுந்து மைக்குக்குப் போனார்.

"டாக்டர், நமஸ்காரம். என் பேர் ரமணி. உங்க நர்ஸிங் ஹோம்ல மாடி ரூம்ல இருந்தேன். எனக்கு நீங்க குடுத்த ட்ரீட்மெண்ட் என்னன்னு இந்தக் குழந்தைகளுக்கு நீங்களே சொல்லிடுங்கோ. நான் சொன்னா நன்னா இருக்காது."

மருத்துவர் கண்ணைச் சுருக்கி அவரைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ பேர் அந்தப் படியில் ஏறியிருப்பார்கள்.

"அந்தக் காலத்துல மருத்துவம் அவ்வளவுதான் இருந்தது," என்றார். "யாருக்கும் தெரியாது."

"இதோ உக்காந்திருக்காளே லலிதா, என் தங்கை," என்றார் ரமணி. "அப்ப பி.காம். படிச்சிண்டிருந்தா. அவளுக்குத் தெரிஞ்சிருந்தது."

மருத்துவர் தன் நாற்காலிக்குத் திரும்பப் பார்த்தார். ரமணி மைக்கை விட்டு நகரவில்லை. நன்றியுரை சொல்ல வேண்டிய பேராசிரியை தாளோடு பாதி மேடை வரை வந்து அங்கேயே நின்றார். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"டாக்டர், அவர் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவனும் எழுந்தான். பிறகு அந்த வரிசை முழுவதும். கோஷம் போடவில்லை, யாரும் கத்தவில்லை. பதிலுக்காக நின்றார்கள்.